செங்காலில் ஆணி

அந்த ஆசாரிக்கு ‘முடியாது’ என்ற சொல் நாக்கு நுனியிலேயே இருந்தது. கேட்பது துரையா, வேலை வாங்கும் மண்டோரா, லயத்துக் கிழவியா என்று பார்த்து அதைச் சொல்ல மாட்டார். எல்லோருக்கும் ஒரே ‘முடியாது’தான். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. நான் அவருக்குச் செய்ததை எழுதும் காகிதத்தில் அவர் பெயரையும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, புண் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக நான் வந்தேன். ஆட்கள் என்னை ‘டாக்டரையா’ என்றுதான் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளந்தாரிக்கு அது இனிக்கத்தான் செய்தது, நானும் திருத்தவில்லை. எனக்குக் கொடுத்த வீட்டில் கட்டில் இல்லை. இரண்டாம் நாள் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். சுவரோரம் கனத்த பலகைகள் அடுக்கியிருந்தன. புதிதாக அறுத்தவை மஞ்சளாகவும் பழையவை கரும்பழுப்பாகவும் இருந்தன.

“இதில எனக்கு ஒரு கட்டில் செய்து தாரும், ஆசாரி.”

“முடியாதுங்க.”

“ஏன்? மரம் சும்மாதானே கிடக்குது?”

“இது செங்காலுங்க. நீங்க படுத்துத் தூங்குறதுக்கு இது எதுக்கு? இது தண்ணியில நிக்கிற மரம். கட்டிலுக்கு லேசான மெராந்தி மரம் போதும்.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை, இழைப்புளியை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் மெராந்திக் கட்டில் வந்தது. குறை சொல்ல முடியாத கட்டில். ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலே, ஆள் நீளத்துக்கு ஒரு செங்கால் பலகையை இரண்டு பேர் தூக்கிவர ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கொண்டுவந்து போட்டார்.

“பொணம் கழுவுற பலகை இத்துப் போச்சுங்க. போன வாரம் பாத்தேன். ரத்தமும் தண்ணியும் படுற எடத்துக்கு இதுதான் சரி.”

“உயிரோட இருக்கிறவனுக்கு மெராந்தி, செத்தவனுக்குச் செங்காலோ?” என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பலகையைத் தட்டிப் பார்த்து, ஓரத்தில் விரலை ஓட்டி, “இது நம்மளுக்கு அப்புறமும் கெடக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பலகைக்கு வேலை நிறைய இருந்தது. அக்காலத்தில் அந்தக் கடலோரத் தோட்டங்களில் காய்ச்சல் ஆட்களை அப்படி வாரிக்கொண்டு போனது.

செங்கால் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுத் தூண்களுக்கு ஆகும். மாட்டுவண்டி போகும் கால்வாய்ப் பாலத்துக்கு ஆகும். ஆட்கள் குடியிருக்கும் லயத்தைத் தாங்கும் குட்டைக் கால்களுக்கு ஆகும், ஏனென்றால் கரையான் வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். கிணற்றுக்குள் இறக்கும் சட்டத்துக்கு ஆகும். துண்டு மிஞ்சினால் உலக்கையாகும், உரலாகும், அம்மிக்குக் கீழே வைக்கும் மணையாகும். லயத்தில் அவர் கை உலக்கை இல்லாத வீடு குறைவு. ஆனால் ஆபீஸ் கிராணியார் எழுத்து மேசை கேட்டபோது முடியாது. மண்டோர் ஊஞ்சல் பலகை கேட்டபோது முடியாது. விடியற்காலைப் பெரட்டு வரிசையில் ஆள் எண்ணும் அந்த மண்டோர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆசாரிக்கு அது தெரிந்ததாகக்கூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பானில் ஆற்றைத் தாண்டிப் பாசிர் பெனம்பாங்குக்குப் போவார். அங்கே ஒரு சீனர் மீன்பிடி வள்ளம் கட்டிக்கொண்டிருந்தார். இவருக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் இருந்த மலாய் பத்துச் சொல்லுக்கு மேல் தேறாது. ஒருவர் மரத்தைத் தட்டுவார், மற்றவர் காதைக் கொடுத்துக் கேட்பார், இருவரும் தலையாட்டுவார்கள். இப்படியே பொழுது போகும். வரும்போது வள்ளத்து இடுக்குகளில் அடைக்கும் குங்கிலியம் ஒரு கட்டி மடியில் இருக்கும்.

அவருடைய ‘முடியாது’க்களில் பெரியது இரும்பைப் பற்றியது. செங்காலில் ஆணி அடிக்க விடவே மாட்டார். துளைபோடும் துறப்பணத்தால் துளைத்து, அதே மரத்தில் சீவிய முளையைத்தான் இறக்குவார். “ஆணி துருப்பிடிச்சா ஊதுங்க. உள்ளேருந்து பொளந்துக்கிட்டு வரும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது” என்பார். ஒருமுறை துரை தோட்டத்தின் பெயர் எழுதிய தகரத்தைத் தண்ணீர்க்கதவின் காலில் அடிக்கச் சொன்னார். ஆசாரி முடியாது என்றார். துரை கையில் பிரம்பு இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். ஆசாரி பிரம்புக்கயிறு கொண்டுவந்து தகரத்தைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, “எழுத்துத் தெரியுதுங்களே” என்றார். துரை சிரித்துவிட்டார். நல்ல வேளை.

அந்தத் தண்ணீர்க்கதவைப் பற்றிச் சொல்லவேண்டும். தோட்டத்து நிலம் கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே கிடந்தது. ஆற்றோரம் முழுக்க மண்கரை போட்டிருந்தார்கள். பெரிய கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில், கரையை வெட்டி இரண்டு கால்கள் நட்டு, கால்களில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, அந்தக் காடிக்குள் பலகைகளை இறக்கியிருந்தார்கள். கடல் வற்றும்போது பலகையைத் தூக்கினால் மழைத்தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறும்போது இறக்கினால் உப்புத்தண்ணீர் உள்ளே வராது. கதவுக்கு நேர் உள்ளே, பள்ளத்தில், கீழ்லயம் இருந்தது. இருபது வீடு. ஆண்கள் பெண்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் அங்கேதான். கதவு போனால் அவ்வளவும் போகும். இது எல்லோருக்கும் தெரியும்.

நான் வந்த வருஷம்தான் பழைய கதவை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். மரம் தேர்ந்தெடுக்க ஆசாரி தானே கெர்லிங் மலைக்காட்டுக்குப் போனார். வெளிறு ஒரு விரல்கூட ஒட்டாமல், முழு வைரமாக இரண்டு கால்கள் அறுத்து, லோரியில் தானும் மரத்தோடு உட்கார்ந்து வந்தார். “அம்பது வருசத்துக்கு இந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பாக்க வேணாங்க” என்று துரையிடம் சொன்னார். நட்ட அன்று ஆட்கள் சேவல் அறுத்தார்கள். பிறகு வலதுகாலில் மஞ்சளும் குங்குமமும் ஏறின. சிவப்புத் துணி சுற்றினார்கள். கடலை மறித்து நிற்கிறவன் சும்மா மரமாக இருப்பானா, அவன் முனிதான் என்று ஆகிவிட்டது. களைவெட்டுக் கும்பலில் இருந்த ஒருவர் பூசாரியானார். ஆசாரி இதையெல்லாம் தடுக்கவில்லை. “எண்ணெ பூசுறாங்க, மரத்துக்கு நல்லதுதான்” என்றார்.

இரண்டாம் வருஷம் ஆணி வந்தது.

கீழ்லயத்தில் குப்புசாமி என்றொருவர். அவருடைய மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது. காய்ச்சல் மண்டைக்கு ஏறி, பெண் யாரையோ திட்டவும் சிரிக்கவும் தொடங்கினாள். என்னிடம் கொண்டுவரவில்லை, வீட்டுக்குள் மறைத்தார்கள். பேய் பிடித்திருக்கிறது, உச்சிமயிரில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அறையவேண்டும் என்றார் பூசாரி. ஊரில் என்றால் புளியமரம் இருக்கும். இங்கே எந்த மரத்தில் அறைவது? ரப்பர்ப் பால்மரத்தில் ஒரு ஆணி அடித்தால் வேலைச்சீட்டைக் கிழித்துத் தோட்டத்தைவிட்டே விரட்டிவிடுவார்கள். ஆகவே முனியின் காலில் அறைவது என்று முடிவாயிற்று.

ஆசாரிக்குச் சேதி போய்விட்டது. சுத்தியலும் ஆணியுமாக அவர்கள் வந்தபோது அவர் வலதுகாலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் மரம் செதுக்கும் வாச்சி.

“எந்திரிங்க மாமா” என்று குப்புசாமி கெஞ்சினார். “ஒரே ஒரு ஆணி. எம்மவ சாகக் கெடக்குறா.”

“டாக்டரையாகிட்ட தூக்கிட்டுப் போ.”

“அவரு குடுக்குற கசப்பத் துப்பிருவா மாமா. உள்ள இருக்குறது குடிக்க விடாது.”

“முடியாது குப்புசாமி. ஆணி எறங்கினா இது நிக்காது. இது நிக்கலேன்னா நீ இல்ல, நான் இல்ல.”

அன்று முழுதும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை என்னிடம் தூக்கிவந்தார்கள், வந்து ஒரு மணி நேரத்தில் இறந்தாள். குவினைன் அவளைக் காப்பாற்றியிருக்கும், ஆணி காப்பாற்றியிருக்காது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? குப்புசாமி ஆசாரியின் வாசலில் நின்று காறித் துப்பிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லயத்தில் ஆசாரி வீட்டுக்கு நெருப்பும் கொடுக்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை.

ஆசாரிக்கு அது உறைக்கவில்லை. அடிபட்டது அவர் மனைவி மாரியாயி. அவள் குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வெற்றிலை கேட்டால் காது கேட்காததுபோல இருந்தார்கள். பிள்ளை இல்லாதவள் அவள், அக்கம்பக்கத்துப் பேச்சுத்தான் உலகம். ஒருநாள் இடுப்புவலிக்குத் தைலம் வாங்க வந்தவள் என்னிடம் சொன்னாள்: “அவருக்கு மரம் பேசுது ஐயா. எனக்குப் பேச ஆருமில்ல.”

மழைக்காலத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்தது. ஆசாரி முதல் நாளே தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் குவினைன் கொடுத்தேன், துப்பினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினோம், வாந்தியெடுத்தாள். இரண்டாம் நாள் கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. “அந்தப் புள்ள வந்து உக்காந்திருக்கா. ஆணி அடிக்க விடலியேன்னு கேக்குறா” என்றாள். பல்லைக் கிட்டிக்கொண்டாள். கரண்டியை நுழைத்ததில் உதடு கிழிந்ததுதான் மிச்சம்.

இங்கே நான் ஒளிக்கக்கூடாது. என்னிடம் ஊசி இருந்தது. குவினைனைத் தொடையில் ஊசியாகப் போடலாம். நாலு மாதத்துக்கு முன் ஒருவனுக்கு அப்படிப் போட்டு, அந்த இடம் சீழ்பிடித்து, கால் அழுகி அவன் போய்ச் சேர்ந்தான். எனக்கு மேலிருந்த பெரிய டாக்டர் வந்து எல்லோர் முன்னாலும் என்னைக் கிழித்துவிட்டுப் போனார். அதிலிருந்து ஊசியைத் தொட எனக்குக் கை வரவில்லை. அன்றும் அவள் கட்டிலருகே நின்று உதவியாளிடம், “ஊசி இருக்குது, போட்டுப் பாப்பமோ?” என்று கேட்டேன். வேண்டாம் என்று நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே ஆசாரி படியில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு ஆணிதானே ஆசாரி. அடிச்சுவிடும்” என்றேன். “அவ மனசு ஆறட்டும். மனசு ஆறினால் மருந்தைக் குடிப்பா.”

“ஒரு ஆணி இல்லைங்க. ஒண்ணு எறங்கினா அப்புறம் யாருக்கு முடியாதுன்னு சொல்றது?”

“அதைப் பிறகு பாப்பம்.”

“ஐயா, நீங்க படிச்சவங்க. நீங்களே இதச் சொல்றீங்களே.”

“படிச்சபடியால்தான் சொல்லுறன். உமக்கு மரம் பெரிசோ, பெண்சாதி பெரிசோ?”

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. அவர் படியைவிட்டு எழுந்தார். பிறகு உள்ளே போய் மாரியாயியின் தலையில் ஒரு கொத்து மயிரை உளியால் அறுத்து எடுத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் கதவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வலதுகாலின் உட்பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், மெல்லிய துறப்பணத்தால் துளைத்தார். மயிர் சுற்றிய ஆணியைத் துளையில் வைத்தார். சுத்தியல் இரண்டுமுறை தவறியது. அவர் கையில் எதுவும் தவறி நான் பார்த்ததில்லை. தலைவரை இறக்கி, குங்கிலியத்தை உருக்கி ஊற்றி மூடினார்.

“அடிச்சாச்சு” என்று அவள் காதில் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். குவினைன் இறங்கியது. ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

அவள் வீட்டுக்குப் போன மறுநாள் காலை குப்புசாமி ஆணியோடு கதவுக்கு வந்தார். கையில் மகளின் ரிப்பன் துண்டு. “ஒம் பொண்டாட்டிக்கு ஒரு நியாயம், எம்மவளுக்கு ஒரு நியாயமா மாமா? செத்தவ அலையாம இருக்கட்டும்” என்றார். ஆசாரி வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அந்தச் சொல் வரவில்லை. துறப்பணத்தை எடுத்துத் துளைபோட்டுக் கொடுத்தார்.

பிறகு கேட்கவேண்டுமா? காய்ச்சல் வந்தவர், கனவு கண்டவர், பிள்ளை தரிக்காதவர், கால்நடை காணாமல் போனவர் என்று எல்லோரும் வந்தார்கள். முதலில் ஒவ்வொன்றுக்கும் அவரே துளைத்து, அவரே மூடினார். பின்னால் அவர் இல்லாத நேரம் பார்த்து வந்து, பெட்டியில் பிடுங்கிய ஆணியைச் சம்மட்டியால் அறைந்துவிட்டுப் போனார்கள். செங்காலில் துளையில்லாமல் அடித்தால் ஆணி வளையும், இல்லை மரம் கீறும். இரண்டும் நடந்தன. ஆணிகளை மறைத்துச் சிவப்புத் துணி சுற்றினார்கள். சாமி சமாசாரத்தில் தலையிடக்கூடாது என்று துரையும் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

எனக்கோ நல்ல காலம். ஆணி அடித்தவர்கள் வந்து மறுபேச்சில்லாமல் குவினைனைக் குடித்தார்கள். பின்கட்டுப் பலகைக்கு வேலை குறைந்தது. என்னை முன்பு கிழித்த அதே பெரிய டாக்டர், “நீ ஆட்களைக் கையாளும் விதம் நன்றாக இருக்கிறது” என்று தோளைத் தட்டினார். எப்படிக் கையாண்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆணி அடித்துவிட்டு வா, மருந்து தருகிறேன் என்று நானே சிலரிடம் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

ஆசாரி மெலிந்தார். தினம் காலையில் கதவுக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்ப்பார். ‘முடியாது’ அவரைவிட்டுப் போய்விட்டிருந்தது. மண்டோர் மறுபடி ஊஞ்சல் பலகை கேட்டபோது செங்காலிலேயே செய்து கொடுத்தார். லயத்தில் எல்லோரும் அவரோடு பேசினார்கள். மாரியாயிக்கு வெற்றிலை கிடைத்தது, பேச ஆள் கிடைத்தது, அவள் முகம் தெளிந்தது. அவர் பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று.

நாலாம் வருஷம் மழைக்கு முன்னால் ஒருநாள் மரச்சில்லு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கறுத்து, ஓரத்தில் புழு போன வழி தெரிந்தது.

“கீறல் காடிவரைக்கும் போயிருச்சுங்க. அதுல உப்புத்தண்ணி எறங்கி, புழுவும் எறங்கிருச்சு. அமாவாசைக் கடலும் மலைத்தண்ணியும் ஒண்ணா வந்தா தாங்காது. நீங்க இங்கிலீசுல தொரைக்கு எழுதிக் குடுங்க. ஆணியால பொளந்துபோச்சு, வலதுகால மாத்தணும்னு எழுதுங்க. மொத ஆணி நான் அடிச்சேன்னும் எழுதிருங்க.”

எழுதினேன். வலதுகால் பழுதாகிவிட்டது, மழைக்கு முன் மாற்றுவது நல்லது என்று எழுதினேன். ஆணியை எழுதவில்லை. ஆணி என்று எழுதினால் துரை துணியை விலக்கிப் பார்ப்பார். யார் யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று விசாரிப்பார். டிரெசர்தான் அடித்துவிட்டு வரச் சொன்னார் என்று ஒருவனாவது சொல்வான். தோளைத் தட்டிய டாக்டரின் காதுக்கும் அது போகும். இவ்வளவையும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யோசித்தேன்.

துரை படித்துவிட்டுச் சிரித்தார். “செங்கால் நாலு வருஷத்தில் பழுதாகுமா? ஐம்பது வருஷம் நிற்கும் என்று உன் ஆசாரிதானே என்னிடம் சொன்னான்? மலைக்குப் போய் ஊர் சுற்ற ஆசைப்படுகிறான்” என்று, அடுத்த வருஷம் பார்க்கலாம் என எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரப்பர் விலை விழுந்துகிடந்த நேரம் அது.

“ஆணிய எழுதினீங்களா ஐயா?” என்று ஆசாரி கேட்டார்.

“எழுதினனான்” என்றேன்.

“எழுதியுமா மாத்தல?” என்று ஆச்சரியப்பட்டார். பட்டறையில் மிஞ்சியிருந்த செங்கால் துண்டுகளையெல்லாம் எடுத்துப்போய் வலதுகாலுக்கு மூன்று முட்டுக் கொடுத்தார், பிரம்புக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

ஐப்பசி அமாவாசை. மூன்று நாளாக மலையில் மழை. மத்தியானம் கடல் ஏறும்போது ஆறு கரையின் விளிம்பைத் தொட்டது. ஆட்கள் வேலைக்காட்டில் இருந்தார்கள். ஆசாரி காலையிலிருந்தே கதவடியில் நின்றார். ஆயாக்கொட்டகைப் பிள்ளைகளை மேட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆயா இரண்டு நடை நடந்து, பாதிப் பிள்ளைகளை ஏற்றியிருந்தாள். அப்போது வலதுகால் ஆணிவரிசையில் பிளந்தது. எனக்கு ஆஸ்பத்திரியில் சத்தம் கேட்டது. காடி வாய்திறந்து பலகைகள் தெறித்தன. நான் ஓடிவந்தபோது கீழ்லயத்தில் கூரைதான் தெரிந்தது. ஆசாரி இடுப்பளவு தண்ணீரில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு எதையோ அடைக்கப் பார்த்தார். அடைக்க அங்கே ஒன்றும் இல்லை. வேலைக்காட்டிலிருந்து ஓடிவந்த குப்புசாமிதான் அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். ஆயாக்கொட்டகையில் தன் கடைசிப் பையன் போய்விட்டது குப்புசாமிக்கு அப்போது தெரியாது.

மூன்று பிள்ளைகள். மூன்றையும் நான்தான் கழுவினேன். உதவியாள் வாசலில் உட்கார்ந்து அழுதான், உள்ளே வரமாட்டேன் என்றான். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் இருந்தது, என்னைக் கேட்பார்களோ என்ற பயம்.

கேட்டார்கள். தண்ணீர் வற்றியபின் காலைப் பிடுங்கிக் கரையில் போட்டு, துரை துணியை உருவினார். துருவேறிய ஆணிகள், மயிர்க்கொத்துகள், ரிப்பன்.

“யார் அடிச்சது?” என்று துரை தமிழிலேயே கேட்டார்.

ஆசாரி முன்னால் வந்தார்.

“மொத ஆணி நான் அடிச்சதுங்க.”

“மத்தது?”

“மொத ஆணி நாந்தாங்க அடிச்சேன்.”

துரை என் பக்கம் திரும்பினார். இது உனக்குத் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். தெரியாது சார் என்றேன். ஆசாரிக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமைக்குள் தோட்டத்தைவிட்டுப் போகச் சொல்லி உத்தரவாயிற்று. உளிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, வள்ளம் கட்டும் சீனரிடம் போவதாக ஆசாரியும் மாரியாயியும் புறப்பட்டார்கள். நான் துறைவரை போனேன். விண்ணப்பத்தில் ஆணியை எழுதவில்லை என்று சொல்லிவிடத்தான் போனேன். சாமி சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

அவர் முந்திக்கொண்டார்.

“ஐயா, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்கு நான் ஆணி அடிக்கலேன்னா இவ செத்திருப்பா. அப்படித்தானுங்களே?”

மழிக்காத முகம். கண்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று பிள்ளைகளுக்கு எதிரே வைக்க அவரிடம் அந்த ஒன்றுதான் இருந்தது.

“ஓம் ஆசாரி” என்றேன். “செத்திருப்பா. வேற வழி இருக்கேல்ல.”

தலையை ஆட்டினார். இரண்டுமுறை ஆட்டினார். சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு சம்பானை நோக்கி இறங்கினார். மாரியாயி கூடையோடு என் பக்கத்தில் நின்றாள். அவர் எட்டப் போனபின், என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“ஊசி இருக்குன்னு சொன்னீங்களே ஐயா அன்னிக்கு. காய்ச்சல்ல கெடந்தாலும் காதுல விழுந்துச்சு. அவருகிட்ட நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

கீழேயிருந்து ஆசாரி திரும்பிப் பார்த்து, “வா புள்ள, தண்ணி ஏறுது” என்று கூப்பிட்டார். அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.